கராஜில் ஒரு சின்ன சி.என்.சி., கோயில் பிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமை வகுப்பு

டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே குடியேறியவர். சனிக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். கணினி நிரல் சொல்லும் வழியில் தானாக நகர்ந்து வெட்டும் சி.என்.சி. இயந்திரத்தைப் பற்றி அவர் கேட்டது இது:

"அண்ணா, என் மகளுக்கு 13 வயது. சி.என்.சி. இயந்திரம் வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு கார் நிற்கும் அளவுக்கு கராஜ் இருக்கிறது. 15,000 ரேண்ட் ஒதுக்க முடியும். பெரியதாக ஒன்று வாங்கலாமா, சின்னது போதுமா? நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்திலும் அது தானாக ஓடும்படி அமைக்க முடியுமா? கோயில் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கும் அதை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமா? பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர், சத்தம் தொந்தரவாகுமா?"

தம்பி, சின்னது போதும். பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம். ஆள் இல்லாமல் ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். நான் கோயம்புத்தூரில் ஒரு டூல் ரூமில் லேத் பிடித்துத் தொடங்கியவன். தெற்கு டர்பனில் டை (உலோக அச்சு) செய்யும் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது என் கராஜில் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கிறேன். சொல்வதெல்லாம் கைப்பட்ட விஷயம்தான்.

முதலில் இயந்திரம். கடைகளில் 3018 என்று ஒரு வகை கிடைக்கும். மேசை 30 செ.மீ.க்கு 18 செ.மீ. என்பதால் அந்தப் பெயர். வெட்டும் பிட்டைச் சுழற்ற 24 வோல்ட்டில் ஓடும் சின்ன ஸ்பிண்டில், அதை நகர்த்த அடி அடியாகச் சுற்றும் மூன்று ஸ்டெப்பர் மோட்டார், அலுமினியச் சட்டம், அவ்வளவுதான். பட்டறையில் பெரிய இயந்திரம் பார்த்தவர்களுக்கு இது விளையாட்டுச் சாமான் போலத் தெரியும். ஆனால் 13 வயதுப் பிள்ளைக்கு அதுதான் அதன் பலம். தவறாக ஓடினால் ஒரு பிட் ஒடியும், ஒரு பலகை வீணாகும், அதோடு முடிந்தது. மரம் குடையும் 800 வாட் ரூட்டர் பூட்டிய ஒரு மீட்டர் இயந்திரம் தவறாக ஓடினால் பலகையைப் பிடித்திருக்கும் கிளாம்பைப் பிய்த்து எறியும். கையில் இருக்கும் தொகையில் பாதிக்கு மேல் இயந்திரத்துக்குப் போட வேண்டாம். மீதியில் ஒரு நல்ல வெர்னியர், ஒரு டயல் கேஜ், பாதுகாப்புக் கண்ணாடிகள், தூளை உறிஞ்சும் வேக்குவம், தீயணைப்பான், லிமிட் ஸ்விட்ச் (எல்லையைத் தொட்டதும் சொல்லும் ஸ்விட்ச்), பத்துப் பதினைந்து பிட் வாங்குங்கள். அளக்கும் கருவி இல்லாமல் இயந்திரம் மட்டும் வாங்கியவர்கள் மூன்றாவது மாதம் அதைத் துணி போட்டு மூடி வைத்திருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சின்ன இயந்திரங்களின் மூளை பெரும்பாலும் ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச மென்பொருள். 2009இல் நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் தொடங்கியது. அர்டுயினோ ஊனோ போன்ற ஒரு சின்ன மின்னணுப் பலகையிலேயே ஓடும். மூலநிரல் திறந்தே இருப்பதால், உங்கள் மகள் நாளைக்கு அதைத் திறந்து படிக்க நினைத்தாலும் படிக்கலாம்.

இயந்திரம் வந்த முதல் மாதம் ஸ்பிண்டிலில் பிட் பூட்டவே வேண்டாம். ஸ்பிண்டிலைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பேனாவைக் கட்டுங்கள். மேசையில் காகிதம் ஒட்டுங்கள். வரையச் சொல்லுங்கள். என்ன வரைவது? கோலம்தான். புள்ளிக் கோலத்தைவிட நல்ல ஆயத்தொலைப் பாடம் நான் பார்த்ததில்லை. 10 மி.மீ. இடைவெளியில் ஐந்துக்கு ஐந்து புள்ளி. எக்ஸ் 10, ஒய் 10 எங்கே, எக்ஸ் 50, ஒய் 30 எங்கே என்று பிள்ளை விரல் வைத்துக் காட்டுவாள். இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளில் ஜி0 என்றால் முழு வேகத்தில் நகர்வது (அதற்குமுன் பேனாவைத் தூக்கிவிட வேண்டும்), ஜி1 என்றால் சொன்ன வேகத்தில் நேர்கோடு, ஜி2 வலம் சுற்றும் வளைவு, ஜி3 இடம் சுற்றும் வளைவு. இந்த நான்கை வைத்துக்கொண்டு ஒரு சிக்குக் கோலத்தை அவள் கையாலேயே நிரலாக எழுதட்டும். எந்த மென்பொருளும் அவளுக்காக எழுதித் தரக் கூடாது. சிக்குக் கோலத்தின் கோடு தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும், இல்லையா? ஒரு வளைவில் எண் தப்பினால் அது வராது. எந்த வரி தப்பு என்று தேடுவாள். அந்தத் தேடல்தான் பாடம்.

என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டில் ஆங்கிலம்தான். பாட்டி வாசலில் கோலம் போட்டதைப் பார்த்திருக்கிறார்கள், அதன் பெயர்கூடத் தெரியாது. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து 342 பேர் இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்களே, அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள். பேனா நகர்ந்து நகர்ந்து கோலம் உருவாகும்போது அவர்கள் மேசையைச் சுற்றி மூச்சுவிடாமல் நிற்பார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை.

அடுத்தது கணக்கு. இந்த மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி (ஸ்டெப்) வைக்கும். மோட்டாரை ஓட்டும் டிரைவர் என்ற மின்சுற்று ஒவ்வொரு அடியையும் 16 துண்டாக்கும். ஆக 3,200. திருகு ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்தினால், ஒரு மி.மீ.க்கு 800 அடி. இதைப் பிள்ளையே போட்டுப் பார்த்துவிட்டு, இயந்திரத்தின் அமைப்புப் பட்டியலில் அதே 800 இருப்பதைக் கண்டுபிடிக்கட்டும். அப்புறம் 100 மி.மீ. நகரச் சொல்லி அளக்கட்டும். 99.6 வந்தால் உடனே எண்ணை மாற்ற விடாதீர்கள். ஏன் குறைந்தது என்று கேளுங்கள். திருகில் நட்டு தளர்வா, மோட்டாரையும் திருகையும் இணைக்கும் கப்ளிங் நழுவுகிறதா, அளந்தவள் கோணலாகப் பிடித்தாளா? டயல் கேஜை வைத்து முன்னும் பின்னும் நகர்த்தினால் எத்தனை நூறில் ஒரு பங்கு மி.மீ. ஆட்டம் இருக்கிறது என்று ஊசியே காட்டிவிடும். எண்ணை மாற்றி மூடி மறைத்தால் அந்த ஆட்டம் வேறு இடத்தில் வந்து நிற்கும்.

இப்போது மரத்துக்கு வருவோம். இங்கே எளிதில் கிடைப்பது உள்ளூர் பைன், சலிக்னா என்ற யூக்கலிப்டஸ் மரம், அப்புறம் எல்லாரும் சூப்பாவுட் என்று சொல்லும், மரநார்களை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை. பழகுவதற்கு சூப்பாவுட் நன்றாகத்தான் வெட்டும், ஆனால் அதன் தூள் மாவைவிடப் பொடி. நார்களை ஒட்டுவதற்குப் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைட் கலந்த பசை பயன்படுத்துகிறார்கள். மரத்தூளே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேக்குவம், முகமூடி இரண்டும் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். நான் பிள்ளைகளுக்குப் பைனில் தொடங்கி சலிக்னாவுக்குப் போவேன்.

வேகத்துக்கு ஒரே ஒரு பெருக்கல் போதும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று, பிட்டில் எத்தனை பல், ஒரு பல் எவ்வளவு கடிக்கிறது, மூன்றையும் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை மி.மீ. என்று வரும். 8,000 சுற்று, 2 பல், பல்லுக்கு 0.03 மி.மீ. என்றால் 480. ஆழம் ஒரு முறைக்கு அரை மி.மீ. போதும். பிள்ளைகள் பயந்துகொண்டு வேகத்தைக் குறைப்பார்கள். அது நல்லது என்று பெரியவர்களும் நினைப்பார்கள். உண்மை நேர்மாறு. மெதுவாகப் போனால் பல் கடிக்காது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் மரம் கருகும், பிட் மழுங்கும். வெளியே வருவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். சின்னச் சின்னச் சீவலாக வந்தால் வெட்டுகிறது. மாவாக வந்தால் தேய்க்கிறது. சத்தத்திலும் தெரியும். ஒரே சீரான முனகல் என்றால் சரி, கிறீச்சென்று ஏறினால் நிறுத்து. இந்த மூன்றையும் என் மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்வரை பழக்குவேன்.

நீங்கள் தமிழ் வாத்தியார் என்பதால் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் முதலில் செய்ய ஆசைப்படுவது பெயர்ப்பலகை. தமிழ் எழுத்தை மரத்தில் வெட்டுவதில் இரண்டு சிக்கல் உண்டு, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஒன்று, பல வெட்டு மென்பொருள்களுக்குத் தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கோக்கத் தெரியாது. கொம்பும் காலும் சேர்ந்த 'கொ' போன்ற எழுத்துகள் உடைந்து, கொம்பு இடம் மாறி நிற்கும். அதனால் எழுத்தை நேரடியாக அங்கே தட்டச்சு செய்யாமல், இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, அங்கேயே எழுத்தைக் கோடாக மாற்றிவிட்டு, பிறகு எடுத்துப் போங்கள். இங்க்ஸ்கேப் இலவசம், தமிழை ஒழுங்காகக் காட்டும். 2017க்கு முந்தைய பழைய பதிப்பு வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை. அப்போது ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளி என்ற கணக்கு, இப்போது 96. பழைய கோப்பைப் புதியதில் திறந்து 100 மி.மீ. பலகை 94 மி.மீ. ஆகிவிட்டதே என்று பலர் இயந்திரத்தைக் குறை சொல்வார்கள். இயந்திரம் சொன்னதைத்தான் செய்தது.

இரண்டாவது சிக்கல் பிட்டின் தடிமன். சாதாரணமாக வருவது 3.175 மி.மீ. பிட். அதைவிட ஒடுக்கமான இடத்துக்குள் அது நுழையாது, மென்பொருளும் அந்த இடத்தை விட்டுவிடும். பெரும்பாலும் எச்சரிக்கைகூட வராது. என்னிடம் வந்த ஒரு பெண், 12 வயது, 'தமிழ்' என்று சலிக்னா பலகையில் வெட்டினாள். வெட்டி முடித்துத் தூளைத் தட்டிவிட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "த... மி... ழ. தமிழ. அங்கிள், புள்ளியைக் காணோம்." புள்ளி 2 மி.மீ.தான் இருந்தது, பிட் அதற்குள் போகவில்லை. ழகரத்தின் கீழ் வாலும் ஒரு பக்கம் மெலிந்த இடத்தில் அறுந்து நின்றது. மெய்யெழுத்துக்குப் புள்ளி ஏன் வேண்டும் என்று அவளுக்கு அதற்குமுன் பலமுறை சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். அப்புறம் அந்தப் புள்ளியை எப்படிப் போடுவது என்று யோசித்து, 1 மி.மீ. பிட்டை மாட்டி, புள்ளியின் நடுவில் நின்று இரண்டு மி.மீ. கீழே இறங்கி மேலே ஏறும்படி இரண்டு வரி கையால் எழுதினாள். ஓட்டை விழுந்தது. ஆனால் ஊசி குத்தியது போல இருந்தது. பிறகு சின்ன வட்டமாகச் சுற்றும்படி இன்னொரு வரி சேர்த்தாள். 'தமிழ்' ஆனது. அந்தப் பலகை இன்னும் என் கராஜ் கதவுக்கு மேலே இருக்கிறது. மெல்லிய எழுத்து நிறைய இருந்தால் ஊசிமுனை போன்ற வி-பிட் நல்லது. அகலமான இடத்தில் ஆழமாகவும் ஒடுக்கமான இடத்தில் மேலோட்டமாகவும் போய், கல்லில் உளி வைத்து வெட்டியது போலவே வரும்.

சரி, தானியங்கி அமைப்புக்கு வருகிறேன். இங்கேதான் நான் கண்டிப்பாக இருப்பேன்.

இந்த நாட்டில் பட்டறை நடத்துபவன் முதலில் யோசிக்க வேண்டியது மின்சாரம். 2023இல் லோட் ஷெடிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) 6ஆம் கட்டம் வரை போனதே, அந்த வருடம் கோயில் வாசலுக்கு ஒரு பெயர்ப்பலகை வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்றரை மணி நேர வேலை. 'முருகன் துணை' என்பதில் 'துணை' பாதி வந்திருந்தது. பட்டென்று எல்லாம் நின்றது. ஸ்பிண்டில் மரத்துக்குள்ளேயே உறைந்து நின்றது. இரண்டு மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தபோது, இயந்திரத்துக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியவில்லை. இந்தச் சின்ன இயந்திரங்கள் அடியை எண்ணித்தான் இடத்தை அறிகின்றன, மின்சாரம் போனால் எண்ணிக்கையும் போய்விடும். நான் கண்ணால் பார்த்தே ஜீரோவை, அதாவது தொடக்கப் புள்ளியை, எடுத்தேன். அரை மி.மீ. தள்ளிவிட்டது. 'ணை'யின் கொம்பு இரட்டைக் கோடாக வந்தது. நல்ல சலிக்னா பலகை, வாரக்கணக்கில் காய வைத்தது. வீணாகிவிட்டது.

அடுத்த வாரமே மூன்று லிமிட் ஸ்விட்ச் வாங்கிப் பூட்டினேன். அது இருந்தால், தொடங்கியதும் ஒரு கட்டளை கொடுத்தால் இயந்திரம் மூலைக்குப் போய் மூன்று ஸ்விட்சையும் தொட்டுவிட்டு, இதுதான் என் வீடு என்று எண்ணத் தொடங்கும். அந்த மூலையிலிருந்து பலகையின் ஜீரோ எத்தனை தூரம் என்பதை ஜி54 என்ற இடத்தில் பதிந்தால், கட்டுப்பாட்டுப் பலகையின் நினைவகத்தில் அது மின்சாரம் போனாலும் அழியாமல் இருக்கும். ஜி92இல் வைத்தால் அழிந்துவிடும், நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மின்சாரம் வந்ததும் மூலைக்கு அனுப்பி, ஜி54ஐ எடுத்து, நின்ற வரிக்கு இரண்டு வரி முன்னாலிருந்து தொடங்கினால், மரவேலைக்குப் போதுமான துல்லியத்தில் அதே கோட்டில் வந்து உட்காரும். பலகையையும் பிட்டையும் அசைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2024 மார்ச் கடைசியில் லோட் ஷெடிங் நின்றுபோனது, 2025இல் சில நாள் எட்டிப் பார்த்தது. இப்போது குறைவு என்றாலும் கேபிள் திருட்டு, டிரிப் எல்லாம் இருக்கத்தானே செய்கிறது.

மின்சாரம் போவதைவிட ஆபத்தானது அது திரும்பி வரும் நொடி. பிள்ளை பிட் மாற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் வந்து ஸ்பிண்டிலோ வேக்குவமோ தானாகச் சுற்றத் தொடங்கினால்? அதனால் பட்டறையின் மொத்த மின்சாரமும் ஒரு கான்டாக்டர் (மின்காந்தம் இழுத்துப் பிடிக்கும் பெரிய ஸ்விட்ச்) வழியாக வர வேண்டும். மின்சாரம் போனால் அது விழுந்துவிடும், திரும்பி வந்தாலும் பச்சைப் பொத்தானை ஒருவர் அழுத்தும்வரை விழுந்தே இருக்கும். அதே வயரில் சிவப்புக் காளான் பொத்தான் இரண்டு: கதவுப் பக்கம் ஒன்று, இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒன்று. அவசர நிறுத்தம் மென்பொருள் வழியாகவோ வைஃபை வழியாகவோ போகவே கூடாது. வயரையே துண்டிக்க வேண்டும். இந்த வேலையைப் பதிவு பெற்ற எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள். இங்கே 230 வோல்ட், புதிதாக லைன் இழுத்தால் சான்றிதழும் வேண்டும். மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் கராஜுக்கும் வருகிறதா என்று அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்குப் பிறகு உங்கள் மகள் விளையாட நிறைய இருக்கிறது. ஜி.ஆர்.பி.எல்.லில் குளிர்நீருக்கு என்று ஒரு வெளியீடு உண்டு, எம்8 என்றால் திறக்கும், எம்9 என்றால் மூடும். நமக்குக் குளிர்நீர் தேவையில்லை, அதை வேக்குவத்துக்குத் திருப்பிவிடலாம். வெட்டத் தொடங்கும்போது வேக்குவம் தானாக ஓடும், முடிந்து பத்து விநாடி கழித்து நிற்கும். ஒரு கவனம்: கடையில் கிடைக்கும் நீல நிற 10 ஆம்பியர் ரிலேயை (மின்சாரத்தால் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச்) நேராக வேக்குவத்துக்குப் போட வேண்டாம். 1,200 வாட் வேக்குவம் ஓடும்போது ஐந்து ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும், ஆனால் தொடங்கும் நொடியில் பல மடங்கு இழுக்கும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு அணையாது. சின்ன ரிலே கான்டாக்டரை இழுக்கட்டும், கான்டாக்டர் வேக்குவத்தை இழுக்கட்டும். வேக்குவக் குழாயில் தூள் உரசி மின்னேற்றம் சேரும், அது யு.எஸ்.பி. இணைப்பை நடுவழியில் அறுத்துவிடும். குழாய்க்குள் ஒரு செம்புக் கம்பி ஓட்டி எர்த்தில் கட்டினால் தீரும். வெப்பம், ஈரப்பதம் காட்டும் ஒரு சென்சார், இ.எஸ்.பி.32 என்ற வைஃபை உள்ள ஒரு சின்ன மின்னணுப் பலகை, வேலை நடக்கும்போது மஞ்சளாகவும் முடிந்ததும் பச்சையாகவும் எரியும் ஒரு விளக்கு, இதெல்லாம் அவளே செய்யலாம். கேமரா வைத்துப் பார்க்கலாம். போனிலிருந்து நிறுத்தலாம். போனிலிருந்து தொடங்கக் கூடாது.

ஏன் என்றால், தீ. கிளாம்ப் தளர்ந்து பலகை நகர்ந்துவிட்டால் பிட் ஒரே இடத்தில் நின்று சுற்றும். மரம் கருகி ஒரு பொறி உண்டாகும். வேக்குவம் அந்தப் பொறியை இழுத்துக்கொண்டு போய்த் தூள் நிறைந்த டப்பாவில் போடும். அங்கே அது புகைந்துகொண்டே இருந்து, நீங்கள் விளக்கை அணைத்துவிட்டுப் போன மணிநேரம் கழித்துக்கூடப் பிடிக்கும். உங்கள் கராஜுக்கு ஒட்டுச் சுவர் என்று சொன்னீர்கள், அங்கேயும் ஒரு குடும்பம் தூங்குகிறது. வேலை முடிந்ததும் தூளை மூடியுள்ள இரும்பு டப்பாவில் கொட்டி வெளியே வையுங்கள், கராஜில் ஒரு புகை அலாரம் மாட்டுங்கள். இயந்திரம் ஓடும்போது பெரியவர் ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும். வெட்டைச் சுற்றி இருக்கும் எல்லாவற்றையும் தானியங்கியாக்குங்கள், அங்கே நிற்கும் ஆளை மட்டும் தானியங்கியாக்க முடியாது.

இன்னொன்று, சுற்றும் ஸ்பிண்டில் பக்கத்தில் கையுறை போடக் கூடாது. பாதுகாப்பு என்று நினைத்துப் போடுவார்கள், அதுதான் விரலை உள்ளே இழுக்கும். தொங்கும் முடி, துப்பட்டா, ஜாக்கெட் கயிறு, வளையல் எல்லாம் அப்படித்தான். நம் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. காவடி நேரத்தில் பத்து நாள் கையில் காப்புக் கட்டியிருப்பார்கள். அதை அவிழ்க்கச் சொல்ல நான் யார்? அதனால் அந்தப் பத்து நாளும் என் வகுப்பில் இயந்திரம் ஓடாது. வரைவது, அளப்பது, நிரல் எழுதுவது, பிட்டுகளைத் துடைத்து அடுக்குவது. காப்பு அவிழ்த்த பிறகுதான் வெட்டு.

இதையொட்டி இந்த நாட்டிலேயே நடந்த ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் ரிச்சர்ட் வான் ஆஸ் என்ற தச்சர், 2011இல் பட்டறை விபத்தில் வலது கை விரல்களை இழந்தார். செயற்கை விரல் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த ஐவன் ஓவன் என்பவர் வேடத்துக்காகச் செய்த ஓர் இயந்திரக் கையின் காணொளியைப் பார்த்து அவரைத் தொடர்புகொண்டார். இரண்டு பேரும் கடல் தாண்டிப் பேசிப் பேசியே ஒரு விரலை உருவாக்கினார்கள். பிறகு பிறவியிலேயே விரல் இல்லாத ஐந்து வயதுச் சிறுவனுக்கு ஒரு கை. மேக்கர்பாட் நிறுவனம் ஆளுக்கு ஒரு முப்பரிமாண அச்சுப்பொறியை இலவசமாகக் கொடுத்தது. அதற்குமுன் ஒரு பாகத்தைத் திருத்த நாள்கணக்கில் ஆனது, அதன்பின் மணிக்கணக்காகக் குறைந்தது. 2013 தொடக்கத்தில் வரைபடங்களை யாரும் செய்துகொள்ளலாம் என்று பொதுவில் வைத்துவிட்டார்கள். ரோபோஹேண்ட் என்பது அதன் பெயர். நான் இதை இரண்டு காரணத்துக்காகச் சொல்வேன். ஒரு வீட்டுப் பட்டறையிலிருந்து என்ன பிறக்கும் என்பதற்கு ஒன்று. அவ்வளவு அனுபவமுள்ள தச்சருக்கே ஒரு நொடியில் என்ன ஆனது என்பதற்கு இன்னொன்று.

வகுப்பைப் பற்றி. எட்டுப் பேரை ஒரே இயந்திரத்தைச் சுற்றி நிற்க வைத்தால் ஒருவர் செய்வார், ஏழு பேர் போன் பார்ப்பார்கள். இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒரு ஜோடி இயந்திரத்தில், ஒரு ஜோடி காகிதத்தில் வரைய, ஒரு ஜோடி கணினியில், ஒரு ஜோடி உப்புத்தாளும் எண்ணெயுமாக முடிப்பு வேலையில். அரை மணிக்கு ஒரு முறை மாற்றுங்கள். இயந்திர ஜோடியில் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கை சிவப்புப் பொத்தான் மேலேயே இருக்கும், வேறு வேலை கிடையாது. முதல் முறை எந்த நிரலையும் பிட்டைப் பலகைக்கு 20 மி.மீ. மேலே தூக்கி வைத்துக் காற்றில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். பள்ளிக்கும் இது உதவும். 10ஆம் வகுப்பில் ஈ.ஜி.டி. என்ற பொறியியல் வரைகலைப் பாடத்தை எடுக்கலாம். மூன்று பக்கத் தோற்றம் வரையப் பழகிய பிள்ளைக்கு அது எளிது. பல்கலைக்கழகம் வேண்டாம் என்பவர்களுக்கு ஃபிட்டர், டர்னர், டூல்மேக்கர் தொழில்கள் இருக்கின்றன. பிராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலை இருக்கும் ஊர் இது, அதைச் சுற்றி டை, ஃபிக்ஸ்சர் செய்யும் பட்டறைகளும் உண்டு.

டர்பனின் ஈரக்காற்றைப் பற்றி ஒரு வரி. கடல் உப்பு பிட்டையும் வழிகாட்டித் தண்டையும் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் ஊற்றாதீர்கள், தூளோடு சேர்ந்து களிம்பாகிவிடும். எண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, உலர்ந்த துணியால் மீண்டும் துடையுங்கள். பலகையை வெட்டுவதற்கு முன் ஒரு வாரமாவது அதே கராஜில் வைத்திருங்கள்.

கடைசியாகச் சத்தம். ஸ்பிண்டிலைவிட வேக்குவம்தான் கத்தும். அதைச் சுவருக்கு எதிர்ப் பக்கம் வையுங்கள். சுவர் வழியாகப் போவது அதிர்வு. ஒரு சிமென்ட் பாவுகல்லை வாங்கி, அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டு, அதன்மேல் இயந்திரத்தை வையுங்கள், மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். வாங்குவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், சனிக்கிழமை இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை ஓட்டப்போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். முதலில் வெட்டும் பெயர்ப்பலகை அவர் வீட்டுக்காக இருக்கட்டும். எழுத்து எத்தனை மி.மீ. உயரம் வேண்டும் என்று உங்கள் மகளையே போய் அவரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். என்னிடம் ஒரு டயல் கேஜ் கூடுதலாக இருக்கிறது, இயந்திரம் வந்ததும் சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு வருகிறேன்.